ஐக்கிய அமெரிக்காவில் பள்ளி ஆலோசகர்

பள்ளி ஆலோசகர் என்பவர் ஐக்கிய அமெரிக்காவின் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களின் படிப்பு, தொழில் தெரிவு, மனநலம், பிறருடன் பழகும் திறன் ஆகியவற்றில் அவர்களுக்குத் துணைநிற்கும் பயிற்சி பெற்ற பணியாளர் ஆவார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பள்ளியை விட்டு வேலைக்குச் செல்லும் இளையோருக்குத் தகுந்த தொழிலைக் காட்டும் ஆசிரியராக இவர் தோன்றினார். பின்னர் உளவியல் சோதனைகளை நடத்துபவராகவும், கல்லூரிக்குத் தகுதியானவர்களைக் கண்டறிபவராகவும், மன நெருக்கடியில் இருக்கும் மாணவரின் முதல் புகலிடமாகவும் இவரது பணி படிப்படியாக மாறி வந்துள்ளது.

இந்த மாற்றங்கள் பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே இருந்து வந்தவை. தொழிற்சாலைகளின் வளர்ச்சி, உலகப் போர்கள், பனிப்போர், குடிசார் உரிமை இயக்கம், கொரோனா பெருந்தொற்று ஆகிய ஒவ்வொன்றும் இப்பணிக்குப் புதிய கடமை ஒன்றைச் சேர்த்தன. ஆனால் புதியவை சேர்ந்தபோது பழையவை பெரும்பாலும் நீக்கப்படவில்லை. ஆகவே, மாணவர்களைத் தரம் பிரிக்கும் அலுவலரா, மாணவர் சார்பில் நிற்கும் துணைவரா என்ற கேள்வி இத்துறையின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

பெயர்

இப்பணி முதலில் "தொழில் வழிகாட்டி" என்றும், பின்னர் நீண்ட காலம் "வழிகாட்டி ஆலோசகர்" என்றும் அழைக்கப்பட்டது. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 1990 இல் "பள்ளி ஆலோசகர்" என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. வழிகாட்டுவது இப்பணியின் ஒரு பகுதி மட்டுமே என்பது இதற்குக் கூறப்பட்ட காரணம் ஆகும். எனினும் பெற்றோர் பலரும் பழைய பெயரையே இன்றும் பயன்படுத்துகின்றனர். இத்தகைய பணியை இலங்கைத் தமிழ் வழக்கில் உளவளத்துணை என்றும், தமிழக வழக்கில் ஆலோசனை அல்லது கவுன்சலிங் என்றும் குறிப்பிடுவர்.

வரலாறு

தொழில் வழிகாட்டல் (1907 - 1920கள்)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்கள் வேகமாக வளர்ந்தன. கிராமப்புறங்களில் இருந்தும் ஐரோப்பாவில் இருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் 14 அல்லது 15 வயதிலேயே பள்ளியை விட்டு, கிடைத்த வேலையில் சேர்ந்தனர். தந்தையின் தொழிலை மகன் செய்வது என்ற பழைய ஒழுங்கு நகரத்தில் பொருந்தவில்லை. எந்த வேலைகள் உள்ளன, அவற்றுக்கு என்ன திறன் தேவை என்று சொல்வாரும் இல்லை.

மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1907 இல் உயர்நிலைப் பள்ளி முதல்வராகப் பொறுப்பேற்ற ஜெஸ்ஸி டேவிஸ், ஆங்கிலக் கட்டுரை வகுப்புகளில் வழிகாட்டலைச் சேர்த்தார். மாணவர்கள் தம் இயல்புகள், விருப்பங்கள், தாம் நாடும் தொழில்கள் ஆகியவை பற்றிக் கட்டுரை எழுதினர். தொழிலோடு நல்லொழுக்கமும் வளர வேண்டும் என்பது அவரது நோக்கமாக இருந்தது. பள்ளிப் பாடத்திட்டத்திற்குள்ளேயே வழிகாட்டலைக் கொண்டுவந்த முதல் முயற்சிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

பொறியியல் பயின்று, பின்னர் சட்டத் துறைக்கு வந்த ஃபிராங்க் பார்சன்ஸ் (1854 - 1908) இத்துறையின் தந்தை எனப்படுகிறார். இவர் 1908 சனவரியில் பாஸ்டன் நகரில், குடியேறிய மக்கள் மிகுந்திருந்த வடமுனைப் பகுதியில், தொழில் வழிகாட்டல் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டில் அவர் இறந்தார். தொழிலைத் தேர்ந்தெடுத்தல் என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட அவரது நூல் 1909 இல் வெளியானது. அவரது முறை மூன்று படிகளைக் கொண்டது.

- ஒருவர் தன் திறமைகள், விருப்பங்கள், குறைகள் ஆகியவற்றை அறிதல்
- பல்வேறு தொழில்களின் தேவைகள், ஊதியம், வாய்ப்புகள் ஆகியவற்றை அறிதல்
- இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை முறையாக ஆராய்ந்து முடிவெடுத்தல்

பார்சன்சின் மறைவுக்குப் பின் பாஸ்டன் பள்ளி நிருவாகம் நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைத் தொழில் ஆலோசகர்களாக நியமித்தது. இவர்கள் வழக்கமான கற்பித்தலோடு இதனையும் சேர்த்துச் செய்தவர்கள். தனிப் பதவியோ, நேரமோ, ஊதியமோ பெரும்பாலும் இல்லை. பிற பணிகளுக்கு இடையில் செய்யும் கூடுதல் பணி என்ற நிலை இத்துறையை அதன் தொடக்கத்தில் இருந்தே தொடர்ந்து வருகிறது. முதல் தேசியத் தொழில் வழிகாட்டல் மாநாடு 1910 இல் பாஸ்டனில் நடைபெற்றது. தேசியத் தொழில் வழிகாட்டல் சங்கம் 1913 இல் கிராண்ட் ராப்பிட்சில் நிறுவப்பட்டது.

சோதனைகளும் பதிவேடுகளும் (1917 - 1940கள்)

முதல் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவம் ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு குழுச் சோதனைகளைக் கொண்டு ஏறத்தாழ 17 இலட்சம் பேரை மதிப்பிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபாவும், மற்றவர்களுக்கும் ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் பீட்டாவும் அளிக்கப்பட்டன. போர் முடிந்தபின் இத்தகைய சோதனைகள் பள்ளிகளுக்குள் பரவின. அவற்றை நடத்துவதும், மதிப்பெண்களைப் பதிவேட்டில் குறித்து வைப்பதும், அதன்படி மாணவரை வெவ்வேறு பாடப் பிரிவுகளில் சேர்ப்பதும் வழிகாட்டி ஆலோசகரின் வேலையாயின.

மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்மண்ட் வில்லியம்சன் 1939 இல் வெளியிட்ட நூல், சோதனை முடிவுகளைக் கொண்டு மாணவரின் சிக்கலைக் கண்டறிந்து அறிவுரை கூறும் முறையை விரிவாக விளக்கியது. மருத்துவர் நோயாளியை ஆராய்வதைப் போன்ற இம்முறையில் ஆலோசகரே அறிந்தவர், மாணவர் கேட்டுக்கொள்பவர்.

கார்ல் ரோஜர்சின் தாக்கம் (1942 - 1957)

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942 இலும் 1951 இலும் வெளியிட்ட நூல்கள் இப்போக்கிற்கு நேர்மாறான பார்வையை முன்வைத்தன. உதவி நாடி வருபவரே தன் சிக்கலை நன்கு அறிந்தவர் என்றும், அறிவுரை கூறுவதை விடப் பரிவுடன் செவிமடுப்பதே அவர் தாமாக வழி காண உதவும் என்றும் அவர் வாதிட்டார். இதன் விளைவாக ஆலோசகர் பயிற்சியில் சோதனைகளுக்கு இருந்த முதன்மை இடத்தை நேர்முக உரையாடல் பெறத் தொடங்கியது.

ஆனால் ரோஜர்சின் முறைக்கு நேரமும் தனிமையும் தேவை. பல நூறு மாணவர்களுக்கு ஒருவர் என்ற நிலையில் இருந்த பள்ளிகளில் இவை இரண்டும் அரிதாக இருந்தன. பயிற்சியில் கற்பதற்கும் பள்ளியில் செய்வதற்கும் உள்ள இடைவெளி இக்காலத்தில்தான் தெளிவாகத் தோன்றியது. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 1952 இல் தொடங்கப்பட்டது.

ஸ்புட்னிக்கும் 1958 ஆம் ஆண்டுச் சட்டமும்

சோவியத் ஒன்றியம் 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. அறிவியலில் அமெரிக்கா பின்தங்கிவிட்டது என்ற அச்சம் எழுந்தது. குடியரசுத் தலைவர் ஐசனோவர் 1958 செப்டம்பர் 2 அன்று தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். இச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவு இரு வகைகளில் நிதி வழங்கியது. பள்ளிகளில் சோதனைகளையும் வழிகாட்டலையும் நடத்த மாநிலங்களுக்கு நிதி அளிக்கப்பட்டது. ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கப் பல்கலைக்கழகங்களில் பயிற்சி நிலையங்கள் அமைக்கப்பட்டன. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் ஆலோசகர்களின் எண்ணிக்கை மிக வேகமாக உயர்ந்தது.

சட்டத்தின் பெயரில் "பாதுகாப்பு" என்ற சொல் இருந்தது தற்செயல் அன்று. கணிதத்திலும் அறிவியலிலும் திறமை மிக்க மாணவர்களைக் கண்டறிந்து கல்லூரிக்கு அனுப்புவதே இச்சட்டம் ஆலோசகரிடம் எதிர்பார்த்த முதன்மைப் பணி. படிப்பில் இடர்ப்படும் மாணவர் அதன் நேரடி நோக்கில் இடம்பெறவில்லை. 1964 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் இந்நிதி தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் 1959 இல் வெளியிட்ட உயர்நிலைப் பள்ளிகள் பற்றிய அறிக்கையில், 250 முதல் 300 மாணவர்களுக்கு ஒரு முழுநேர ஆலோசகர் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். இன்று அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் பரிந்துரைக்கும் விகிதமும் 250 மாணவர்களுக்கு ஒருவர் என்பதேயாகும்.

வாயிற்காவலர் என்ற விமர்சனம் (1960கள் - 1970கள்)

கில்பர்ட் ரென் 1962 இல் வெளியிட்ட நூல், மாறிவரும் உலகில் ஆலோசகர் தம் சொந்தப் பண்பாட்டு எல்லைக்குள் அடைபட்டுவிடக் கூடாது என்று எச்சரித்தது. நெருக்கடியில் உள்ள சிலரோடு நில்லாமல் எல்லா மாணவரின் வளர்ச்சியும் ஆலோசகரின் பொறுப்பே என்றும் அது வலியுறுத்தியது.

சமூகவியலாளர்களான ஏரன் சிக்குரல், ஜான் கிட்சூஸ் ஆகியோர் 1963 இல் உயர்நிலைப் பள்ளி ஒன்றைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். மாணவரைக் கல்லூரிப் பாதையிலோ வேறு பாதையிலோ சேர்க்கும் முடிவு மதிப்பெண்களை மட்டும் சார்ந்ததாக இல்லை என்றும், குடும்பத்தின் சமூக நிலை, மாணவரைப் பற்றி ஆலோசகர் கொண்ட எண்ணம் ஆகியவையும் அதில் கலந்திருந்தன என்றும் அவர்கள் காட்டினர். ஆலோசகர் கல்லூரியின் வாயிலில் நிற்கும் காவலர் என்ற விமர்சனத்திற்கு இந்நூல் வலுச் சேர்த்தது.

பாலின அடிப்படையிலான பிரிவும் இதில் அடங்கும். பரவலாகப் பயன்பட்ட ஸ்ட்ராங் தொழில் விருப்ப வினாத்தாள், 1974 வரை ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக இரு தனிப் படிவங்களைக் கொண்டிருந்தது. கூட்டரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், ஆலோசனை வழங்குவதிலும் அதற்கான சோதனைத் தாள்களிலும் இத்தகைய வேறுபாட்டைத் தடுத்தன.

இந்த விமர்சனம் அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடவில்லை. 1980களின் தொடக்கத்தில் சிக்காகோவில் பள்ளி மாணவியாக இருந்தபோது, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற்குத் தாம் ஏற்றவரா என்று ஓர் ஆலோசகர் ஐயம் தெரிவித்ததை மிஷெல் ஒபாமா 2018 இல் வெளியான தம் நினைவு நூலில் பதிவு செய்துள்ளார். அவர் பிரின்ஸ்டனில் சேர்ந்து 1985 இல் பட்டம் பெற்றார். பின்னர், குடியரசுத் தலைவரின் துணைவியாக இருந்தபோது, பள்ளிக்குப் பிந்தைய கல்வியை ஊக்குவிக்க 2014 இல் அவர் தொடங்கிய இயக்கம் பள்ளி ஆலோசகர்களுக்குச் சிறப்பிடம் அளித்தது. ஆண்டின் சிறந்த பள்ளி ஆலோசகரைப் பாராட்டும் விழா 2015 இல் முதன்முறையாக வெள்ளை மாளிகையில் நடைபெற்றது.

பதவியிலிருந்து திட்டத்திற்கு (1970கள் - 1990கள்)

1970களில் பள்ளிகளில் மாணவர் சேர்க்கை குறைந்தது, நிதியும் சுருங்கியது. ஆலோசகர் என்ன செய்கிறார் என்று திட்டவட்டமாகக் கூற இயலாத பள்ளிகளில் அப்பதவி எளிதில் குறைக்கப்பட்டது. எஞ்சியவர்கள் கால அட்டவணை தயாரித்தல், வருகைப் பதிவு, தேர்வு ஒருங்கிணைப்பு போன்ற அலுவலக வேலைகளில் ஈடுபடுத்தப்பட்டனர்.

மிசூரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் கைஸ்பர்ஸ் தம் உடனாய்வாளர்களுடன் சேர்ந்து இதற்கு மாற்றாக ஒரு முழுமையான வழிகாட்டல் திட்டத்தை உருவாக்கினார். ஆலோசனை என்பது ஒரு பதவியில் இருப்பவர் தேவைக்கேற்பச் செய்யும் உதவிகளின் தொகுப்பு அன்று; கணிதம், மொழி ஆகிய பாடங்களைப் போலத் தனக்கென நோக்கம், பாடப்பொருள், நேர ஒதுக்கீடு ஆகியவற்றைக் கொண்ட திட்டம் என்பது அவரது கருத்தின் மையம் ஆகும். மிசூரி மாநிலம் 1984 முதல் இத்திட்டத்தை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. பின்னர் வேறு பல மாநிலங்களும் இதனைப் பின்பற்றின.

தேசிய மாதிரி (1997 முதல்)

1990களின் பிற்பகுதியில் கல்வி அறக்கட்டளை என்னும் அமைப்பு பள்ளி ஆலோசனைப் பணியை மாற்றியமைக்கும் முயற்சி ஒன்றைத் தொடங்கியது. வறுமையில் உள்ள மாணவர்களும் சிறுபான்மை இன மாணவர்களும் கடினமான பாடங்களில் சேர்க்கப்படாமல் விடப்படுவதைத் தரவுகளைக் கொண்டு கண்டறிந்து, அதனை மாற்ற வேண்டியவர் ஆலோசகர் என்று அது வாதிட்டது. வாயிற்காவலர் என்று பழிக்கப்பட்டவரையே வாயிலைத் திறப்பவராக ஆக்குவது இம்முயற்சியின் நோக்கம் எனலாம்.

அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 1997 இல் தேசியத் தரங்களை வெளியிட்டது. இவை கல்வி, தொழில், தனிமனித-சமூக வளர்ச்சி என்ற மூன்று துறைகளாகப் பகுக்கப்பட்டன. 2003 இல் தேசிய மாதிரி வெளியானது. அதன் நான்காம் பதிப்பு 2019 இல் வெளிவந்தது. ஆலோசகர் தம் நேரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டை மாணவர்களுக்கான நேரடி, மறைமுகச் சேவைகளில் செலவிட வேண்டும் என்று இம்மாதிரி பரிந்துரைக்கிறது. "ஆலோசகர் என்ன செய்கிறார்?" என்ற பழைய கேள்விக்குப் பதிலாக, "ஆலோசகரின் பணியால் மாணவரிடம் என்ன மாற்றம் ஏற்பட்டது?" என்ற கேள்வியை இது முன்வைத்தது.

பணிகள்

தேசிய மாதிரியின்படி ஆலோசகரின் பணிகள் பின்வருமாறு அமையும்.

- வகுப்பறைப் பாடங்கள்: படிக்கும் முறை, சினத்தை அடக்குதல், கேலியையும் கொடுமைப்படுத்தலையும் எதிர்கொள்ளல் போன்றவற்றை முழு வகுப்புக்கும் கற்பித்தல்
- தனித் திட்டமிடல்: பாடத் தெரிவு, கல்லூரி விண்ணப்பம், நிதியுதவி, தொழிற்பயிற்சி ஆகியவற்றில் ஒவ்வொரு மாணவருக்கும் உதவுதல்
- குறுகிய கால ஆலோசனை: தனியாகவோ சிறு குழுவாகவோ மாணவரைச் சந்தித்தல். பெற்றோரின் மணமுறிவு, இறப்பு, பள்ளி மாற்றம் போன்ற சூழல்கள் இதில் அடங்கும்
- நெருக்கடி உதவி: தற்கொலை எண்ணம், வன்முறை, மாணவர் அல்லது ஆசிரியரின் திடீர் இறப்பு போன்ற வேளைகளில் உடனடியாகச் செயற்படல்
- கலந்தாய்வு: ஆசிரியர், பெற்றோர் ஆகியோருடன் பேசுதல்; நீண்ட கால உதவி தேவைப்படுவோரை வெளியில் உள்ள வல்லுநரிடம் அனுப்புதல்

பள்ளி ஆலோசகர் நீண்ட கால உளச் சிகிச்சை அளிப்பவர் அல்லர். அவர் மனநோயைக் கண்டறிந்து பெயரிடுவதும் இல்லை. இப்பணிகள் மனநல மருத்துவர் அல்லது உளவியலாளருக்கு உரியவை. பள்ளிக்குள்ளேயே பணிபுரியும் வேறு இருவருடன் இவரைக் குழப்பிக்கொள்வது வழக்கம். பள்ளி உளவியலாளர் பெரும்பாலும் கற்றல் குறைபாடுகளை மதிப்பிட்டுச் சிறப்புக் கல்விக்கான தகுதியை ஆராய்பவர். பள்ளிச் சமூகப் பணியாளர் குடும்பத்தின் வறுமை, உறைவிடம், குழந்தைப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கவனிப்பவர். இவ்விருவரும் இல்லாத பள்ளிகளில் அவர்களின் பணிகளும் ஆலோசகரையே வந்தடைகின்றன.

கல்வித் தகுதி

பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி ஆலோசகருக்கு முதுகலைப் பட்டமும் மாநில உரிமமும் தேவை. ஆலோசகர் கல்விக்குத் தரச்சான்று வழங்கும் மன்றம் 1981 இல் நிறுவப்பட்டது. அதன் தரச்சான்று பெற்ற படிப்புகளில் 100 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் 600 மணி நேர உள்ளகப் பயிற்சியும் கட்டாயம் ஆகும். முற்காலத்தில் ஆலோசகராவதற்கு முன் ஆசிரியராகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்ற விதி பரவலாக இருந்தது. பல மாநிலங்கள் இதனைக் கைவிட்டுவிட்டன. டெக்சாஸ் மாநிலம் 2023 வரை இரண்டு ஆண்டு ஆசிரியர் அனுபவத்தைக் கோரியது.

இரகசியக் காப்பும் சட்டக் கடமையும்

மாணவர் தம்மிடம் கூறுவதை வெளியிடாமல் காப்பது ஆலோசகரின் அடிப்படை நெறி ஆகும். ஆனால் மாணவர் வயது வராதவர் என்பதால் பெற்றோருக்கும் உரிமைகள் உண்டு. 1974 ஆம் ஆண்டின் குடும்பக் கல்வி உரிமைகள் மற்றும் தனியுரிமைச் சட்டம், பிள்ளையின் பள்ளிப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமையைப் பெற்றோருக்கு அளித்தது. ஆலோசகர் தம் நினைவுக்காக மட்டும் எழுதி, எவரிடமும் பகிராமல் வைத்திருக்கும் குறிப்புகள் இப்பதிவேட்டில் அடங்கா.

இரகசியக் காப்புக்கு இரண்டு முக்கிய விலக்குகள் உள்ளன. முதலாவது, குழந்தை துன்புறுத்தப்படுவதாக ஐயம் ஏற்பட்டால் அதனை உரிய துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். உறுதியான சான்று கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டாவது, மாணவர் தம்மையோ பிறரையோ ஊறுபடுத்தக்கூடும் என்ற நிலை.

இரண்டாவது விலக்கைப் பொறுத்தவரை மேரிலாந்து மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1991 இல் அளித்த தீர்ப்பு முக்கியமானது. நடுநிலைப் பள்ளி மாணவி ஒருவர் தற்கொலை எண்ணத்தை வெளியிட்டதாக அவரது தோழியர் ஆலோசகரிடம் தெரிவித்தனர். அம்மாணவி பயின்ற பள்ளியின் ஆலோசகரும் இதனை அறிந்தார். ஆலோசகர்கள் விசாரித்தபோது அம்மாணவி அதை மறுத்தார். பெற்றோருக்கோ நிருவாகத்திற்கோ தகவல் அளிக்கப்படவில்லை. பின்னர் அம்மாணவி உயிரிழந்தார். மாணவரின் தற்கொலை எண்ணம் பற்றி அறிய நேர்ந்த ஆலோசகர், அதனைத் தடுக்கத் தக்க முயற்சி எடுக்கக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்றம் கூறியது. பெற்றோரை எச்சரிப்பதும் அத்தகைய முயற்சியில் அடங்கும். மாணவர் மறுத்தார் என்பதாலோ, செய்தி பிற மாணவர் வழியாக வந்தது என்பதாலோ அக்கடமை நீங்காது என்பது இத்தீர்ப்பில் இருந்து ஆலோசகர் பயிற்சியில் கற்பிக்கப்படும் பாடம் ஆகும்.

மாணவர்-ஆலோசகர் விகிதம்

அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்ற விகிதத்தைப் பரிந்துரைக்கிறது. நாடளாவிய சராசரி 1986-87 கல்வியாண்டில் 588 ஆக இருந்தது. 2023-24 இல் 376 ஆகக் குறைந்தது. மாநிலங்களுக்கு இடையே பெரும் வேறுபாடு உண்டு. 2023-24 இல் அரிசோனாவில் இவ்விகிதம் 600க்கும் மேல் இருந்தது. வெர்மான்ட், நியூ ஹாம்சயர் போன்ற சில சிறிய மாநிலங்களே பரிந்துரைக்கப்பட்ட அளவை எட்டியிருந்தன. உயர்நிலைப் பள்ளிகளை விடத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் ஆலோசகர்கள் மிகக் குறைவு.

இவ்விகிதத்தின் பொருளை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஆண்டுக்கு 180 பள்ளி நாட்கள், நாளுக்கு 7 மணி நேரம் எனக் கொண்டால் மொத்தம் 1,260 மணி நேரம் கிடைக்கும். இது முழுவதையும் மாணவரைத் தனித்தனியே சந்திப்பதற்கே செலவிட்டாலும், 376 பேருக்கு ஆளுக்கு ஏறத்தாழ 3 மணி 20 நிமிடமே கிட்டும். 250 பேர் எனில் ஏறத்தாழ 5 மணி நேரம் கிட்டும். நெருக்கடியில் உள்ள ஒரு மாணவருக்காகச் செலவிடும் ஒரு முழு நாள், வேறு இருவருக்கு உரிய ஓராண்டு நேரத்திற்குச் சமம். வகுப்பறைப் பாடம், சிறு குழு ஆகிய முறைகள் தேசிய மாதிரியில் முதன்மை பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

சராசரிகள் மறைக்கும் செய்தியும் உண்டு. அமெரிக்கக் குடிசார் உரிமைகள் ஒன்றியம் 2019 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, காவலர் இருந்தும் ஆலோசகர், செவிலியர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோருள் ஒருவரும் இல்லாத பள்ளிகளில் 1 கோடியே 40 இலட்சம் மாணவர்கள் பயின்றனர்.

ஆய்வு முடிவுகள்

- மிசூரி மாநிலத்தின் 236 உயர்நிலைப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 1997 இல் வெளியான ஆய்வு, முழுமையான வழிகாட்டல் திட்டம் நன்கு செயற்பட்ட பள்ளிகளின் மாணவர்கள் உயர்ந்த மதிப்பெண்களையும் பள்ளியில் கூடுதல் பாதுகாப்புணர்வையும் தெரிவித்ததாகக் கண்டது.
- புளோரிடா மாநிலப் பள்ளிகளை ஆராய்ந்து 2006 இல் வெளியான ஆய்வு, ஆலோசகர் ஒருவருக்குரிய மாணவர் எண்ணிக்கை குறையும்போது ஒழுங்கு நடவடிக்கைகளும் குறைவதாகக் கண்டது.
- மாசசூசெட்ஸ் உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து கிறிஸ்டின் மல்ஹர்ன் 2023 இல் வெளியிட்ட ஆய்வு, திறமையான ஆலோசகர் மாணவரின் பள்ளி நிறைவிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் ஏற்படுத்தும் தாக்கம், திறமையான ஆசிரியரின் தாக்கத்தோடு ஒப்பிடத்தக்கது எனக் கண்டது. குறைந்த மதிப்பெண் பெறும் மாணவர்களிடமும் வருவாய் குறைந்த குடும்பங்களின் மாணவர்களிடமும் இத்தாக்கம் மிகுதியாக இருந்தது.

மூன்றாவது ஆய்வின் முடிவுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. வீட்டில் கல்லூரி பற்றி அறிந்தவர் உள்ள மாணவருக்கு ஆலோசகர் பல வழிகளுள் ஒருவர். அவ்வாறு இல்லாத மாணவருக்கு அவரே பெரும்பாலும் ஒரே வழி. ஆகவே ஆலோசகரின் குறை எல்லா மாணவரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை.

பெருந்தொற்றுக் காலமும் அதன் பின்னரும்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஆலோசகர்கள் தொலைபேசி, காணொளி ஆகியவற்றின் வழியாக மாணவர்களைத் தொடர்புகொண்டனர். வீட்டில் உள்ளவர் கேட்கக்கூடிய இடத்தில் மாணவர் மனம் திறந்து பேச இயலாமை இதில் பெரும் தடையாக இருந்தது. நடைவழியிலோ உணவறையிலோ மாணவரின் முகத்தைப் பார்த்தே மாற்றத்தை அறியும் வாய்ப்பும் இல்லாமற்போனது. 2021 அக்டோபரில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் உள்ளிட்ட மூன்று அமைப்புகள் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் ஆகியோரின் மனநலத்தில் தேசிய அவசரநிலை நிலவுவதாக அறிவித்தன.

டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி நகரத் தொடக்கப் பள்ளியில் 2022 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டிற்குப் பின், அவ்வாண்டு சூனில் நிறைவேறிய சட்டம் பள்ளிகளில் மனநலப் பணியாளர்களை நியமிக்கவும் பயிற்றுவிக்கவும் 100 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஏப்ரலில் கல்வித் துறை இந்நிதியின் கீழ் வழங்கப்பட்ட பெரும்பாலான மானியங்களைத் தொடரப் போவதில்லை என்று அறிவித்தது. இதனை எதிர்த்துப் பல மாநிலங்கள் நீதிமன்றத்தை நாடின. வெளியில் இருந்து வரும் நிதியால் பெருகி, அந்நிதி நின்றதும் சுருங்கும் போக்கு இத்துறைக்குப் புதியது அன்று.

தொடரும் சிக்கல்கள்

- ஆலோசனை அல்லாத பணிகள்: தேர்வு ஒருங்கிணைப்பு, கால அட்டவணை, உணவறை மேற்பார்வை, வராத ஆசிரியருக்கு மாற்றாக வகுப்பெடுத்தல் ஆகியவை இன்றும் ஆலோசகரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. இவை தேசிய மாதிரியில் ஆலோசகருக்குப் பொருந்தாத பணிகளாகக் குறிக்கப்பட்டுள்ளன.
- இரட்டைப் பொறுப்பு: ஆலோசகரை நியமிப்பதும் மதிப்பிடுவதும் பள்ளி முதல்வர். மாணவரின் நலனும் பள்ளியின் வசதியும் முரண்படும்போது ஆலோசகர் இக்கட்டான நிலைக்கு உள்ளாகிறார்.
- பெற்றோர் உரிமை: மாணவர் கூறியவற்றுள் எதனைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பற்றிய சட்டங்கள் 2020களில் மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் வேறுபடத் தொடங்கின.
- ஒழுங்கு நடவடிக்கை: தண்டனை வழங்கும் பொறுப்பை ஏற்கும் ஆலோசகரிடம் மாணவர் தாமாக உதவி நாடி வருவது அரிது. ஆகவே இப்பொறுப்பை ஏற்கக் கூடாது என்பது சங்கத்தின் நிலைப்பாடு ஆகும்.

இவற்றையும் பார்க்க

- உளவளத்துணை
- கார்ல் ரோஜர்ஸ்
- ஃபிராங்க் பார்சன்ஸ்
- கல்வி உளவியல்
- ஸ்புட்னிக் 1